ஃப்ரீஸ் தேதியும் ஒரு வெள்ளகோவில் பேட்ச்சும்

இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய, யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பக்கூடிய தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அதன் புதிய பதிப்பு வெளியாகும். ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு நாள் குறிக்கப்படும். அந்த நாளுக்குப் பிறகு புதிய வசதி எதுவும் உள்ளே வராது. வந்தவற்றில் உள்ள பிழைகளைத் திருத்தும் வேலை மட்டும் சில மாதங்கள் நடக்கும். அந்த நாளை நாங்கள் ஃப்ரீஸ் என்போம். அதைத் தவறவிட்ட வசதி அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டும். அந்த நாளைக் குறிக்கும் மூவரில் ஒருவனாக நான் ஒரு வருடம் இருந்தேன்.

நான் நிரல் எழுதுபவன் அல்ல. கோவையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பல வருடம் இருந்துவிட்டு, வெளியே வந்தபின் இந்தத் தரவுத்தளத்தின் கையேட்டைத் திருத்தத் தொடங்கியவன். நிரலர்கள் நடுவே ஒரு கையேட்டுக்காரன் எதற்கு என்று கேட்டேன். "இன்னும் ஒன்றே ஒன்று என்று கேட்காத ஆள் ஒருவர் வேண்டும்" என்று பதில் வந்தது. அது சரிதான். பக்கம் முடிக்கும் நேரம் என்று ஒன்று இருப்பதை நான் உடம்பில் ஏற்றிக்கொண்டவன். நல்ல செய்திக்காகப் பத்து நிமிடம் பக்கத்தைப் பிடித்துவைத்தால், வால்பாறைக்குப் போகும் வண்டி கிளம்பிவிடும். அங்கே உள்ளவர்களுக்கு நல்ல செய்தியும் கிடைக்காது, மற்ற செய்தியும் கிடைக்காது.

மற்ற இருவரில் ஒருவர் பிரேசிலில் இருப்பவர். இன்னொருவர் போலந்தில் இருக்கும் பெண்மணி. வாரம் ஒருமுறை, எங்கள் நேரத்துக்கு மாலை ஆறரை மணிக்கு, திரையில் கூடுவோம். ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டு மாடி அறையில் அப்போது தெருவின் ஹாரன் சத்தம் உச்சத்தில் இருக்கும். பிரேசில்காரருக்கு அது காலை. காபிக் கோப்பையோடு உட்காருவார்.

எங்கள் முன்னால் இரண்டு தேதிகள் இருந்தன. வழக்கமான தேதி ஏப்ரல் தொடக்கத்தில். அதிலிருந்து இரண்டு வாரம் தள்ளி இன்னொன்று. பிரேசில்காரர் முதல் தேதியில் உறுதியாக இருந்தார். முந்தைய வருடம் தேதியைத் தள்ளியதால், கடைசி நாட்களில் அவசர அவசரமாக நுழைந்த பல வசதிகள் கோடையில் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கப்பட்டன. போலந்துக்காரருக்கு இரண்டாவது தேதி பிடித்திருந்தது. எனக்கும்தான். பெரிய வசதிகள் இரண்டு முடியும் தறுவாயில் இருந்தன. அவற்றை விட்டால் அந்தப் பதிப்பில் சொல்லிக்கொள்ள ஒன்றுமிருக்காது. முடிவு எடுப்பதற்கு முன், நிலுவையில் இருக்கும் பெரிய பேட்ச்களை, அதாவது சேர்ப்பதற்காக அனுப்பப்பட்ட நிரல் திருத்தங்களை, எழுதியவர்களிடம் கேட்டுவிடலாம் என்றார் போலந்துக்காரர். கேள்வியை நான் எழுதினேன். ஏப்ரல் தொடக்கத்தில் ஃப்ரீஸ் என்றால் உங்கள் வேலை முடியுமா, முடியாதென்றால் எத்தனை நாள் வேண்டும்?

பதில்கள் இரண்டு நாளில் வந்துவிட்டன. யாருக்கும் கூச்சம் இல்லை. ஒருவர் மூன்று வாரம் கேட்டார். ஒருவர் தேதி குறிப்பதே பழங்கால வழக்கம் என்று நான்கு பத்தி எழுதியிருந்தார். வெள்ளகோவிலிலிருந்து வந்த பதில் மட்டும் ஒரு வரி. எல்லோருக்கும் எந்தத் தேதி வசதியோ, அதுவே எனக்கும் வசதி.

பிரேசில்காரர் அந்தப் பெயருக்கு எதிரே 'தயார்' என்று குறித்தார். போலந்துக்காரர் ஆமோதித்தார். நான் அந்த வரியை இன்னொருமுறை படித்தேன். எங்கள் பக்கத்தில் கல்யாண நாள் குறிக்கும்போதும் கிணற்றுக்குப் பங்கு பிரிக்கும்போதும் நூறு முறை கேட்ட வாக்கியம் அது. அதற்குத் 'தயார்' என்று எப்போதும் பொருள் கிடையாது.

அதை எழுதியவர் வெள்ளகோவிலில் ஓர் எண்ணெய் ஆலையின் கணினி வேலைகளைப் பார்க்கும் பெண், கையேட்டு வேலையில் எனக்குப் பழக்கமானவர். நாற்பது வயது இருக்கும். ஆலைக்கு முத்தூரிலும் காங்கேயத்திலும் கிடங்குகள் உண்டு. ஆலையின் தரவுத்தளத்தை அங்கெல்லாம் நகலெடுத்து வைக்க வேண்டும். நகல் பாதி போய்க்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால், எங்கள் தரவுத்தளம் முதலிலிருந்து தொடங்கும். முக்கால்வாசி போயிருந்தாலும் அப்படித்தான். நகரங்களில் யாரும் இதைக் குறையாகச் சொன்னதில்லை. அவர்களுக்கு இணைப்பு அறுவதில்லை. இவர் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி ஒரு பேட்ச் எழுதினார். இரண்டு வருட வேலை. முந்தைய வருடமும் ஃப்ரீஸில் தவறிப்போனது. இந்தப் பதிப்பில் வந்துவிடும் என்று சொல்லித்தான் ஆலை முதலாளியிடம் தினம் அரை நாள் இதற்கென்று வாங்கியிருந்தார். இந்தத் தடவையும் தவறினால் அந்த அரை நாள் போய்விடும். பின்னால் நின்று தள்ளுவதற்கு ஆள் இல்லாத பேட்ச் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு பட்டியலிலிருந்து அடுத்த பட்டியலுக்கு நகரும். பிறகு ஒருநாள் யாரோ அதை மூடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவரும் அவர் கணவரும் ஆர்.எஸ்.புரம் வந்தார்கள். கணவருக்குப் பல் வைத்தியம். வைத்தியம் முடிந்ததும் பக்கத்து பேக்கரியில் சந்தித்தோம். கணவர் விசைத்தறி வைத்திருப்பவர், நல்ல பேச்சுக்காரர். ஆனால் அன்று ஊசி போட்டதில் பாதி வாய் மரத்திருந்தது. டீயை எந்தப் பக்கமாகக் குடிப்பது என்று கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மணி, உங்க மெயிலைப் பார்த்தேன். முதல் தேதின்னா முடிஞ்சிருமா?" என்று கேட்டேன்.

"தேதி நீங்க மூணு பேரும் முடிவு பண்றதுதானுங்களேண்ணா. அதுல நானென்னங் சொல்றது?"

"முடியுமா முடியாதான்னு சொல்லலாம்."

"பார்த்துக்கலாமுங்."

கணவர் கிளாஸை வைத்தார். "ஏனுங்ணா, அவகிட்டப் போயி கேக்கறீங்களே. முந்தாநேத்துப் பூரா சோறு திங்குல. என்னுமோ தப்பு வந்துபோச்சுன்னு உக்காந்திருந்தா. எங்கிட்டச் சொன்னா எனக்கென்னங் வெளங்குது, தறியில நூலு அறுந்தா முடிச்சுப் போடத் தெரியும்."

மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அத்தோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் நான் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இணைப்பு அறுந்தால் பேட்ச் ஒழுங்காக வேலை செய்கிறது. முத்தூர் கிடங்கில் புதன்கிழமை கரண்ட் போனது; நகலை வாங்கிக்கொண்டிருந்த கணினியே அணைந்துவிட்டது. கரண்ட் வந்ததும் நகல் தொடர்ந்து, முடிந்தது. எண்ணிப் பார்த்தால் நடுவில் ஒரு துண்டு இல்லை. கணினி அந்தத் துண்டை வாங்கியதாகக் குறித்துக்கொண்டது. ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி முடிப்பதற்குள் அணைந்துவிட்டது.

"வெளிய பார்த்தா முழுசா இருக்கற மாதிரியே இருக்குதுங்ணா. அதுதான் பயம்" என்றார்.

"சரி பண்ண எத்தனை நாள்?"

"பன்னெண்டு நாள் வேணுமுங்."

முதல் தேதிக்கு அன்றிலிருந்து ஆறு நாள் இருந்தது. இரண்டாவது தேதி என்றால் தாராளமாக முடியும்.

"இதைக் குழுவுக்கு ஏன் எழுதல?"

"எழுதினா எனக்காகத் தேதியத் தள்ளிவெச்ச மாதிரி ஆயிருமுங்க. தேதி நெருக்கத்துல நானே பேட்ச்சை வாபஸ் எடுத்துக்கறேன்னு ஒரு வரி போட்டுருவேன். யாருக்கும் சங்கடமில்ல பாருங்."

கணவர் சிரிக்க முயன்று, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "நோம்பி சாட்டும்போதும் இப்படித்தானுங்ணா பண்ணினா."

அவர்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவான நோம்பிக்குப் பூச்சாட்டி நாள் அறிவித்த பிறகு, நோம்பி முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. அதனால் நாள் குறிக்கும் முன் கோயில் முன்னால் ஊர் கூடும். "பூசாரி மூணு தாட்டி கேப்பாருங். யாரூட்லயாச்சும் தடங்கல் இருக்குதா, இருக்குதா, இருக்குதான்னு. இருக்குதுன்னா ஒரு வாரம் தள்ளி வெப்பாங்க. அந்த வருசம் என்ற தங்கச்சி ஈரோட்டுல ஆஸ்பத்திரில இருந்தா. நான் தறியில மாட்டிக்கிட்டேன். இவதான் கூட்டத்துல நின்னா. வாயத் தொறக்குலீங்."

"அத்தன சனத்துக்கு நடுவுல எங்கூட்டுக்காக நோம்பியத் தள்ளுங்கன்னு எப்படிங் கேக்கறது?" என்றார் மனைவி.

"கேக்குல. பதினஞ்சு நாளும் ஈரோட்டுக்குப் போறது, இருட்டறதுக்குள்ள ஊடு திரும்பறது. பைக்கு டயரையே மாத்திப்போட்டனுங்."

நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. டேபிளில் சிந்திய டீயை டிஷ்யூவால் ஒற்றிக்கொண்டே, சற்றுக் குரல் தாழ்த்திச் சொன்னார்: "ஊர்ல கேட்டா தள்ளி வெக்கறது ஊர்க்காரங்க. இங்க நீங்க அந்த மூணு பேர்ல ஒருத்தரு. நான் நாள் கேட்டு, நீங்க தள்ளி வெச்சா, கோயமுத்தூர்க்காரரு வெள்ளகோவில்காரிக்குச் செஞ்சு குடுத்தாருன்னுதானுங்ணா பேச்சு வரும்."

இது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. செய்தி மேசையில் இருந்த காலத்தில், தெரிந்தவர் வீட்டுச் செய்தி என்றால் அந்தப் பக்கத்தை இன்னொருவரிடம் தள்ளிவிடுவேன். அந்த ஒழுங்கு எனக்கு முன்னால் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

எழுந்து போகுமுன் ஒன்று மட்டும் சொன்னேன். நாள் கேட்பதும் கேட்காததும் உங்கள் இஷ்டம். ஆனால் பிழை தெரிந்துவிட்டது. உங்கள் பேட்ச் தயார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் வாபஸ் எடுத்துக்கொள்வதற்குள் யாராவது அதை உள்ளே சேர்த்துவிட்டால், துண்டு விழுந்த நகல்கள் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும். திங்கள் மதியத்துக்குள் நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதுவேன்.

"வேண்டாமுங், நானே எழுதறேன்" என்றார் உடனே. "நீங்க எழுதினா இன்னும் அசிங்கம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மடல் வந்தது. கரண்ட் போனால் என்ன ஆகிறது, அதை எப்படி வேண்டுமென்றே வரவழைத்துப் பார்ப்பது, எந்த இடத்தில் தவறு என்று வரிசையாக இருந்தது. கடைசியில் இரண்டு வரிகள். சரிசெய்யப் பன்னிரண்டு நாள் வேண்டும். தேதி அதற்கு முன்னால் என்றால் இந்தப் பேட்ச்சைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் மடலில் ஓர் எண்ணைப் பார்ப்பது எனக்கு அதுவே முதல் தடவை.

செவ்வாய் மாலை நாங்கள் மூவரும் கூடினோம். தொடக்கத்திலேயே சொன்னேன்: இதை எழுதியவர் எனக்குத் தெரிந்தவர், எங்கள் வட்டாரத்துக்காரர், ஆகவே நான் ஓட்டுப் போடவில்லை. நீங்கள் இருவரும் எதை முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம்.

பிரேசில்காரர் முதல் தேதி என்றார். போலந்துக்காரர் இரண்டாவது தேதி என்றார். எங்கள் விதி எளிமையானது. தேதியை மாற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். இல்லாவிட்டால் வழக்கமான தேதி நிற்கும். அந்த விதி எனக்குத் தெரியும். ஓட்டுப் போடவில்லை என்று சொல்லும்போதும் தெரிந்திருந்தது.

போலந்துக்காரர் என்னிடம் கேட்டார். "போன வாரம் நீங்கள் இரண்டாவது தேதி என்றீர்கள். அதற்குச் சொன்ன காரணம் வேறு இரண்டு பேட்ச்கள். அவை மாறவில்லையே?"

மாறவில்லை என்றேன்.

"அப்படியானால் மாறியது என்ன?"

என்னிடம் இருந்த பதிலை முதலிலேயே சொல்லிவிட்டிருந்தேன். அதையே திரும்பச் சொன்னேன். அவர் தலையசைத்து, வழக்கமான தேதி என்று குறிப்பில் எழுதினார். தெருவில் ஆட்டோக்காரர் ஒருவர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது ஒலிவாங்கி வழியாக போலந்துக்கும் போயிருக்கும்.

அறிவிப்பு போன மறுநாள் கணவர் கூப்பிட்டார். வாய் சரியாகிவிட்டிருந்தது.

"ஏனுங்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆயிருக்குமுங்களா?"

"ஆயிருக்கும்."

"அப்பறம் ஏனுங் சொல்லல?"

"அவங்க எனக்குத் தெரிஞ்சவங்க."

"அட, தெரியாம இருந்திருந்தா?"

"சொல்லியிருப்பேன்."

"அப்ப அன்னைக்கு அந்த பேக்கரிக்கு வராமயே இருந்திருக்கலாமுங்க, நீங்களும் நாங்களும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பின்னால் அவர் மனைவி ஏதோ அதட்டுவது கேட்டது. "இல்லீங், சும்மா கேட்டேன். வெச்சர்றனுங்" என்று வைத்துவிட்டார்.

இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். நான் ஒதுங்கியது முறைதான். இன்று கேட்டாலும் முறை என்றே சொல்வேன். ஆனால் ஒதுங்குவதற்கும் ஒரு பக்கம் உண்டு என்பதை மறைக்க முடியாது. விதி தெரிந்து ஒதுங்கியவன், பிரேசில்காரரோடு சேர்ந்து ஓட்டுப் போட்டவன்தான். அதைச் சொல்லாமல் 'எதுவானாலும் சம்மதம்' என்று சொன்னதில் ஒரு சௌகரியம் இருந்தது. என் வாயால் 'இல்லை' என்று வரவில்லை, வேலை நடந்துவிட்டது. முதல் தேதி தவறான தேதியும் அல்ல. அந்தக் கோடையில் திரும்ப எடுக்கப்பட்டவை மிகக் குறைவு. பிரேசில்காரர் அதை எனக்கு ஒருமுறை நினைவூட்டினார். அவர் சொன்னது உண்மை. எனக்கு வேண்டியது அந்த உண்மை அல்ல.

ஆலை முதலாளியிடம் அந்தப் பெண் போய்க் கேட்டார் என்று பிறகு தெரிந்தது. இன்னும் ஒரு வருடம், தினம் ஒரு மணி நேரம் போதும் என்று. "பாக்கலாம் அம்மணி" என்றாராம் முதலாளி. அதற்கு என்ன பொருள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த வாரமே பில்லிங் வேலையைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஆனாலும் பன்னிரண்டாவது நாள் திருத்திய பேட்ச் வந்தது. ஃப்ரீஸ் முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது, சேர்க்க இடமில்லை. கூடவே எழுதியிருந்தார்: இனி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே என்னால் இதைப் பார்க்க முடியும். வேறு யாராவது பாதி வேலையை எடுத்துக்கொண்டால் நல்லது.

மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு பிலிப்பைன்ஸிலிருந்து ஒருவர் எழுதினார். தீவுகளுக்கு நடுவே ஓடும் படகுகளில் தரவுத்தளம் வைத்திருப்பவர். ஃப்ரீஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மடலைத் தேடலில் பார்த்திருக்கிறார். அவருக்கும் இணைப்பு அறும், கரண்டும் போகும். அந்த மடலில் சொன்னபடி செய்து பார்த்ததில் அதே துண்டு அவரிடமும் விழுந்திருக்கிறது. சோதிக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். கூடவே அவசரக்காரர். எழுதுவதும் சுருக்கம். அடுத்த மாதமே படகுகளில் இதைப் போட்டுவிடப் போவதாக எழுதினார்.

வெள்ளகோவிலிலிருந்து எனக்கு போன் வந்தது. "ஏனுங்ணா, கரண்ட் சோதனை இன்னும் பாதிதான் ஆயிருக்குது. இப்பப் போடக் கூடாதுங். இவருக்கு எப்படிங் எழுதறது? ஒருத்தரு வராம வந்திருக்காரு, மனசு கோணிப் போயிட்டாருன்னா?"

"கூடாதுன்னு எழுதுங்க."

"வெறுமனே கூடாதுன்னா?"

"காரணத்தோட."

மாலையில் குழுவில் பார்த்தேன். மூன்று வரி. வேண்டாம். கரண்ட் போகும் சோதனையில் இன்னும் ஏழு வகை பாக்கி. அவை முடியாமல் போட்டால் உங்கள் நகலை நீங்கள் நம்ப முடியாது.

ஒரு மணி நேரம் கழித்து படகுக்காரரின் பதில் வந்தது. சரி, எனக்கு அதில் நான்கைக் கொடுங்கள்.

இந்த வருடம் தேதி குறிக்கும் மூவரில் நான் இல்லை. பட்டியலைப் பார்ப்பதுண்டு. அந்தப் பேட்ச்சுக்கு எதிரே இப்போது இரண்டு பெயர்கள். எத்தனை நாள் வேண்டும் என்ற கட்டத்தில் ஒருவர் இருபது என்று எழுதியிருக்கிறார். அது படகுக்காரர் எழுதியது அல்ல.